தகழியும் உன் கேஸ் கட்டும்

அன்புள்ள சுபா மக்களே,

நீ அனுப்பிய கவர் கிடைத்தது. கதை நல்ல கனம். கடிதம் நாலே வரி. ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, போன மாதம் இழுத்துக்கொண்டிருந்த இருமல் விட்டதா, ஒன்றும் இல்லை. கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு முழுநேரமும் எழுதப் போகிறாயாம். அதை அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். உன் அம்மா எனக்குத் தங்கச்சிதான். ஆனாலும் அவளிடம் பக்குவமாகப் பேசி ஜெயித்த ஆள் நம் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் அந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உனக்கே எழுதுகிறேன்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை வாய்தா வாங்குவதும், நகலுக்கு மனுப் போடுவதும், சீனியருடைய குமாஸ்தாவிடம் பேச்சு வாங்குவதுமாகவே போகிறது, இதில் கிடந்தால் எழுத்து செத்துப்போகும் என்கிறாய். இருக்கட்டும். உன்னைப் போலவே முன்சீப் கோர்ட்டில் நின்ற ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். திருவனந்தபுரத்தில் பிளீடர் பரீட்சை தேறியவர். தலைநகரத்திலேயே தங்கியிருக்கலாம். ஏற்கெனவே அங்கே ஒரு பத்திரிகையில் நிருபராக இருந்து, எழுதுகிறவர்களோடெல்லாம் பழக்கமாகியிருந்தது. ஆனாலும் ஊர்ப்பக்கம் திரும்பி அம்பலப்புழை கோர்ட்டில் வக்கீலாக உட்கார்ந்தார். பெயர் தகழி சிவசங்கரப் பிள்ளை.

பெயரைச் சொன்னதும் ‘செம்மீன்’ என்று நீ வாயெடுப்பது இங்கேயே கேட்கிறது. எல்லாரும் அப்படித்தான். 1965ல் ராமு காரியாட் எடுத்த படம். சத்யன், ஷீலா, மது, சலீல் சௌதுரியின் இசை. ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் முதல்முதலாகத் தென்னிந்தியப் படம் ஒன்றுக்கு வந்தது அதற்குத்தான். உன் அம்மா இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது அதில் ஒரு பாட்டை முனகுவாள். மலையாளம் பாதி, அவளுடைய சொந்தச் சரக்கு பாதி. நீ படத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுக் கேள்.

அவர் பிறந்தது 1912 ஏப்ரல் 17. ஊர் தகழி, குட்டநாட்டில் இருக்கிறது. ஊர்ப்பெயரே ஆள்பெயராகிவிட்டது. தகப்பனார் கதகளி அறிந்தவர். கதகளியில் பெரும்பெயர் எடுத்த குரு குஞ்சுக்குறுப்பு தகப்பனாரின் உடன்பிறந்தவர். புராணக்கதையும் செண்டைச் சத்தமும் நிறைந்த வீடு. அந்த வீட்டிலிருந்து வந்தவர் ராஜாவையும் தேவனையும் விட்டுவிட்டு, வரப்பில் நிற்கிற ஆளைப் பார்த்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

குட்டநாட்டை நீ பார்த்ததில்லை. நான் ஆலப்புழையில் ஒரு கயிறு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமையானால் சர்வீஸ் போட் ஏறி அந்தப் பக்கம் சும்மா போய்வருவேன். அங்கே வாய்க்கால் மேலே, வயல் கீழே. கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலம். போட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் வரம்புக்கு அந்தப்புறம் பள்ளத்தில் நெல் நிற்கும். விதைக்கும் முன்னால் வயலில் நிற்கிற தண்ணீரை இறைத்து ஆற்றில் விட வேண்டும். நான் போன காலத்தில் அதற்குப் ‘பெட்டியும் பறையும்’ என்று ஒரு மரப் பம்பு வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஆட்கள் வரிசையாக ஏறி உட்கார்ந்து சக்கரத்தைக் காலால் மிதித்துத்தான் தண்ணீரை வெளியேற்றினார்கள். வரம்பு கட்டுகிற சேறும் தண்ணீருக்கு அடியிலிருந்து மூழ்கி எடுத்ததுதான். மூழ்கினவர்கள் புலையர்கள். நிலம் வேறொருத்தர் பெயரில்.

இந்தச் சேற்று வேலையைத்தான் அவர் 1948ல் ‘ரண்டிடங்ஙழி’ என்று எழுதினார். இடங்ஙழி என்றால் நெல் அளக்கிற படி. இரண்டு படி நெல் கூலி. கோரன் என்ற பண்ணையாள், அவன் பெண்சாதி சிருதை. ஆண்டெல்லாம் நெல் விளைவிக்கிறவன் வீட்டில் கஞ்சிக்கு அரிசி இல்லை என்கிற கணக்கை அந்த நாவல் போட்டுக் காட்டுகிறது. கணக்கு என்றுதான் சொல்கிறேன். கண்ணீர் என்று சொல்லவில்லை. உன் கதைக்கு வரும்போது இது உதவும்.

வக்கீல் வேலை அவருக்கு என்ன கொடுத்தது என்று நினைக்கிறாய்? காசு பெரிதாகக் கொடுத்திருக்காது; முன்சீப் கோர்ட்டுக்கு வருகிற கட்சிக்காரனின் மடி எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ஆனால் ஒரு தாலுகாவின் குடும்ப ரகசியம் முழுக்க அந்தக் கட்டடத்துக்குத் தன் காலால் நடந்து வந்தது. பாகப்பிரிவினை, ஒற்றி, குத்தகை, வரம்புச் சண்டை, கைமாற்றுக் கடன். மனிதன் எதற்காகப் பொய் சொல்வான், எந்த இடத்தில் குரல் தடுமாறும், அண்ணன் தம்பி எந்தத் தென்னைமரத்துக்காகப் பேச்சை விட்டார்கள், இதெல்லாம் வேறு எங்கே இலவசமாகக் கிடைக்கும்? தன் வக்கீல் வாழ்க்கையைப் பற்றியே பின்னாளில் ஒரு புத்தகம் எழுதினார் மனிதர். நீ வேண்டாமென்று உதறுகிறதை அவர் தனிப் புத்தகமாகக் கட்டி வைத்திருக்கிறார்.

இப்போது ‘செம்மீ’னுக்கு வா. 1956ல் வந்தது. (நம்ம ஜில்லா திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே வருஷம்தான், அதனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மலையாளப் புத்தகம் அந்நியமாகவே இருந்ததில்லை.) மறு வருஷமே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சில நாட்களிலேயே எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். அதை நம்பி நீயும் நாலு நாள் லீவு போட்டுவிடாதே. எழுதியது சில நாளாக இருக்கலாம், பார்த்தது எத்தனை வருஷம்? அம்பலப்புழையிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது அந்தப் புறக்காடு, அம்பலப்புழைக் கரையோரம் ஒரு பகுதி மட்டும் சேறு கலங்கி அலையடங்கிக் கிடக்கும். சாகர என்பார்கள். செம்மீனும் மத்தியும் அங்கே கூட்டமாக வந்து சேரும். அந்த மாதங்களில் கரை முழுக்கக் காசு புழங்கும். சாகர போனதும் காசும் போய்விடும். இந்த ஏற்ற இறக்கம் தெரியாதவனால் செம்பன்குஞ்ஞு என்ற மீனவனைப் படைக்க முடியாது.

எல்லாரும் அதைக் காதல் கதை என்கிறார்கள். எனக்கு அது கொடுக்கல் வாங்கல் கதை. பரீக்குட்டி சின்ன மீன் வியாபாரி. அவன் தயவால் செம்பன்குஞ்ஞு தோணியும் வலையும் வாங்குகிறான். மீன் வந்தால் உனக்கே தருகிறேன் என்று வாய்வார்த்தை. மீன் வந்தது. ரொக்கம் இருந்தால் எடு என்கிறான். புரோநோட் இல்லை, சாட்சி இல்லை. கொடுத்தவன் வாய் திறக்கவில்லை. வாங்கினவனுக்கு உறுத்தவும் இல்லை. உறுத்துவதெல்லாம் அவன் மகள் கறுத்தம்மாவுக்குத்தான். கடனைத் தீர்க்காமல் இந்தக் கரையை விட்டுப் போகக்கூடாதே என்று அவள் தவிக்கிறாள் பார், அந்த இடத்தில் காதலையும் கடனையும் பிரித்தெடுக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது. கடலம்மா, கரையிலிருக்கும் பெண்ணின் கற்பு, கடலுக்குப் போனவன் உயிர் என்று கதையைச் சுற்றி ஒரு நம்பிக்கை ஓடுகிறது. படத்துக்குக் கூட்டம் சேர்த்தது அதுதான். தங்கள் வாழ்க்கையை அவர் சரியாகச் சொல்லவில்லை என்று கடற்கரைக்காரர்களுக்குள்ளேயே குறைப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடன், அது பொய்யில்லை. அதை ஒரு வக்கீல்தான் அப்படி எழுத முடியும் என்பது என் கட்சி.

இனி உன் கதை. கோபப்படாமல் படி.

கோர்ட் படிக்கட்டில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண்களில் ஆயிரம் வருஷத்துச் சோகம் உறைந்து கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். ஆயிரம் என்று எப்படி அளந்தாய், பிள்ளே? சர்வேயரைக் கூட்டிப் போனாயா? அவள் எந்த ஊர்? எத்தனை சென்ட் நிலத்துக்காக வந்தாள்? எதிர்க்கட்சி யார், மகனா, மைத்துனனா? முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள் மத்தியானம் என்ன தின்றாள்? வாய்தா என்று கேட்டதும் முந்தானையில் முடிந்திருந்த காசை எண்ணிப் பார்த்தாளா? ஒன்றுமே நீ கேட்கவில்லை. அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் கதை தானாக வந்திருக்கும். நீ தூரத்தில் நின்று பரிதாபப்பட்டிருக்கிறாய். பரிதாபம் நல்ல குணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எழுதுகிற கைக்கு அது போதாது.

தகழியின் ‘வெள்ளப்பொக்கத்தில்’ என்றொரு சிறுகதை உண்டு. 1924ல் கேரளத்தையே மூழ்கடித்த வெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் 99ம் ஆண்டு வெள்ளம் என்றே அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. கதை ஊரிலேயே உயரமான கோயிலில் தொடங்குகிறது. அங்கேயே சாமி கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார் என்றால் மற்ற இடம் எப்படி என்று நீயே பார்த்துக்கொள். மாடியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள், என்னென்ன வளர்ப்புப் பிராணிகள் என்று தாசில்தார் அறிக்கை எழுதுகிற மாதிரி எண்ணிக்கை சொல்கிறார். பிறகு சேன்னன் என்கிற பறையன். கர்ப்பிணிப் பெண்சாதியையும் பிள்ளைகளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு தப்பிக்கிறான். கூரையின் மறுபக்கம் நின்ற நாயை அந்த அவசரத்தில் மறந்துபோகிறான். கதை அவனோடு போகவில்லை. கூரையில் நாயோடு தங்கிவிடுகிறது. தூரத்தில் போகிற ஒவ்வொரு வள்ளத்தைப் பார்த்தும் நாய் குரைக்கிறது, ஊளையிடுகிறது. யாரும் வரவில்லை. பட்டினியாகக் கிடந்தும் எஜமானின் வாழைக்குலையைத் திருட வந்தவர்களிடமிருந்து அது காக்கப் பார்க்கிறது.

கடைசியைக் கவனி. வெள்ளம் வடிந்ததும் சேன்னன் நாயைத் தேடி வருகிறான். ஒரு தென்னைமரத்தடியில் ஒரு நாயின் பிணம். கால் பெருவிரலால் புரட்டிப் பார்க்கிறான். தன்னுடையதாக இருக்குமோ என்று சந்தேகம். ஒரு காது போயிருக்கிறது. தோல் அழுகிவிட்டதால் நிறம் தெரியவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது. ஐயோ என்று ஒரு சொல் இல்லை. அவன் அழுதானா, இல்லையா, அதுவும் இல்லை. தன் நாய்தானா என்ற உறுதிகூட அவனுக்குக் கொடுக்கவில்லை. நான் இதை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அந்தப் பெருவிரல் வரும்போது ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. உன் கிழவிக்கு நீ ஒரு பெருவிரல் தேடு.

இதெல்லாம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. திருவனந்தபுரத்தில் இருந்தபோது கேசரி பாலகிருஷ்ண பிள்ளையைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். அவர் பெரிய படிப்பாளி. மாப்பசான், செகாவ் என்று ஐரோப்பியக் கதைக்காரர்களை மலையாளத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தி, விவாதித்து, கிண்டிவிட்டவர். தகழி அங்கே போய் உட்கார்ந்து கேட்டார், படித்தார். முதல் கதை 1929ல் அச்சானபோது அவருக்குப் பதினேழு வயது. முதல் நாவல் 1934ல். கேரளத்து மாப்பசான் என்று பின்னால் அவரையே சொன்னார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. மாப்பசானுக்குப் புஞ்சை வயலும் தெரியாது, சாகரவும் தெரியாது. ஆனால் நீ கவனிக்க வேண்டியது வேறு: அங்கே படித்ததை வைத்துக்கொண்டு அவர் பாரீஸைப் பற்றி எழுதப் போகவில்லை, அம்பலப்புழைக்குத் திரும்பிவிட்டார். நீ படிக்கிற நாவலெல்லாம் நல்ல நாவல்தான், இல்லையென்கவில்லை. உன் கதையில் தாமிரபரணிக் கரையில் பனி பொழிகிற மாதிரி ஒரு வாசனை வருகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

நம்ம ஆட்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார், தெரியுமா? 1947ல் வந்த ‘தோட்டியுடெ மகன்’. ஆலப்புழை முனிசிபாலிட்டியில் மலக்கூடை சுமந்தவர்களின் கதை. அப்பன் பெயர் இசக்கிமுத்து, மகன் பெயர் சுடலைமுத்து. எந்தப் பக்கத்துப் பெயர்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிழைப்பில்லாமல் போய் அங்கே கூடை சுமந்தவர்களின் வம்சம். சுடலைமுத்துவுக்கு ஒரே வைராக்கியம், தன் மகன் இந்த வேலைக்கு வரக்கூடாது. பிள்ளைக்கு மோகனன் என்று பேர் வைக்கிறான். காசு சேர்க்கிறான். அதற்காக மேலதிகாரியின் கையாளாகித் தன் கூட்டாளிகளின் சங்கத்தையே உடைக்கிறான். சேர்த்த காசை நம்பிக் கொடுத்து வைத்த பெரிய மனுஷன் ஏப்பம் விட்டுவிடுகிறான். காலரா வந்து அவனும் போகிறான், பெண்சாதியும் போகிறாள். மோகனன் கையிலும் கடைசியில் வாளிதான் வருகிறது. ஆனால் அவன் அப்பன் மாதிரி தலை குனிகிறவன் இல்லை. பார், சுடலைமுத்துவை நல்லவன் என்றும் சொல்ல முடியவில்லை, கெட்டவன் என்றும் தள்ள முடியவில்லை. உன் கதையில் கிழவி முழுக்க நல்லவள், மகன் முழுக்கப் பாவி. அப்படிப்பட்ட கட்சிக்காரர் யாராவது உன் சீனியரிடம் இதுவரை வந்திருக்கிறாரா?

இந்த நாவலைத் தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி, நம்ம நாகர்கோவில்காரர். ‘செம்மீ’னையும் அவர்தான் தமிழில் கொடுத்தார். தான் எழுத வரும் வயதில் இன்னொருத்தரின் நாவலை வரிவரியாகத் தன் மொழிக்குக் கொண்டுவருவது பெரிய பயிற்சி. உனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்காதே. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். உன் ஆச்சி பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படித்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ‘கயர்’. 1978ல் வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. குட்டநாட்டின் பல தலைமுறைக் கதை. நாயகன் நாயகி என்று யாரையும் சுட்ட முடியாது. ஒரு தலைமுறை வரும், போகும், அடுத்தது வரும், நிலம் மட்டும் அங்கேயே கிடக்கும். கதை தொடங்குகிற இடம் உனக்காகவே எழுதினது போலிருக்கும்: திருவிதாங்கூர் சர்க்கார் நிலத்தை அளந்து தரம் பிரிக்க ஒரு கிளாசிபயரை அனுப்புகிறது. எது நஞ்சை, எது புஞ்சை, எது யார் பெயரில் என்று அவர் பேனா முனையில் எழுதப்போகிறார். ஊரே அவர் பின்னால் ஓடுகிறது. அதுவரை ஆற்றையும் காற்றையும் போலப் பொதுவில் கிடந்த மண்ணுக்கு அன்றைக்கு ஒரு நம்பர் விழுகிறது. அதோடு மனிதர்களுக்குள் பேராசையும் விழுகிறது. அப்புறம் தாய்வழிச் சொத்துரிமையான மருமக்கள் தாயம் உடைந்து, தறவாடு என்கிற கூட்டுக் குடும்பங்கள் பாகம் பிரிகின்றன, குத்தகைச் சண்டை, விடுதலைப் போராட்டம், நிலச் சீர்திருத்தம் என்று அது போய்க்கொண்டே இருக்கிறது.

உன் சீனியர் மேசையில் தூசி பிடித்துக் கிடக்கிற ஒரு பாகப்பிரிவினைக் கட்டை எடுத்துப் பிரித்துப் பார். அடியில் தாய்ப் பத்திரம், அதன்மேல் செட்டில்மெண்ட், ஒற்றி, மீட்பு, கடைசியில் இப்போதைய தாவா. நாலு தலைமுறை ஒரே சிவப்பு நாடாவுக்குள் கிடக்கிறது. ‘கயர்’ என்றால் கயிறு. அவர் அதை அவிழ்த்தார். நீ அந்தக் கட்டைச் சுமந்துகொண்டு போய் ஷெரஸ்தாரிடம் கொடுத்துவிட்டு, எழுத விஷயமில்லை என்று எனக்குக் கடிதம் போடுகிறாய்.

ஒன்று எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் உன்னிடம் சொன்னது உன் சொத்து இல்லை. இன்றைக்குக் கேட்டதை நாளைக்கே பத்திரிகைக்கு அனுப்பினால் உன் சன்னதும் போகும், மானமும் போகும். கேட்டதை உள்ளே போட்டு வை. ஊர் மாறட்டும், ஆள் மாறட்டும், மூன்று கிழவிகள் சேர்ந்து ஒரு கிழவியாகட்டும். ‘கயர்’ எழுத அறுபது தாண்ட வேண்டியிருந்தது என்றால், உனக்கு இருபத்தைந்தில் என்ன அவசரம்?

அவரைச் சாமியாக்கிக் கும்பிட உன்னைச் சொல்லவில்லை. 600 கதைக்கு மேல் எழுதினார், 30 நாவலுக்கு மேல். எல்லாம் தேறாது. சிலது அவசரம், சிலது கட்சி மேடைப் பேச்சு. அந்தக் காலத்தில் கேசவதேவ், பொன்குன்னம் வர்க்கி, பஷீர், இவர் எல்லாருமாகச் சேர்ந்து மலையாளக் கதைக்குள் ரிக்‌ஷாக்காரனையும் தோட்டியையும் பிச்சைக்காரனையும் கூட்டிவந்தார்கள். அந்த வேகத்தில் கொஞ்சம் சத்தமும் சேர்ந்துதான் வந்தது. நடையழகில் பஷீர் கிட்டே இவர் நிற்க முடியாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பஷீரைப் பார்த்து எழுதினால் கெட்டுப்போவாய், தகழியைப் பார்த்து எழுதினால் தேறுவாய். பஷீரின் வித்தை அவரோடு போயிற்று. தகழியிடம் இருப்பது உழைப்பு, அதை யாரும் பழகலாம்.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன், உன் அம்மா சார்பில். எழுத்தாளன் என்றால் காசு தெரியாதவன் என்றொரு பேச்சு உண்டு, அதை நம்பாதே. 1945ல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதல் போட்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள், ‘சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கம்’. எழுதுகிறவர்களே புத்தகம் போட்டு, எழுதுகிறவனுக்கே 30 சதவீதம் ராயல்டி கொடுத்தார்கள். மலையாளத்தில் எழுதிப் பிழைக்கலாம் என்ற தைரியம் அதற்குப் பிறகுதான் வந்தது. இலக்கியம் பேசின அதே ஆட்கள் பேலன்ஸ் ஷீட்டும் போட்டார்கள். தகழிக்கும் ஞானபீடம் 1984ல் வருவதற்கு வெகுகாலம் முன்பே வயல் இருந்தது, விளைச்சல் இருந்தது. ஊரை விட்டுப் போகாமல் விவசாயத்தையும் பார்த்துக்கொண்டார். காத்தா என்று அவர் கூப்பிட்ட கமலாட்சியம்மா வீட்டைத் தாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு எந்த விருதிலும் ஏறுவதில்லை. சங்கரமங்கலம் என்ற அந்த வீடு இப்போது நினைவகம். ஒரு தடவை போவோம், உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்பலப்புழைப் பால்பாயசம் வாங்கிக் கொடுத்தால் வருவாள்.

சரி, நீ செய்ய வேண்டியது. கோர்ட்டை விடாதே, இது முதல். வாய்தா நாளில் வராந்தாவில் போனைத் தடவிக்கொண்டு நிற்காதே, உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேசு. வக்கீலம்மா கேட்டால் அவர்கள் சொல்வார்கள். குமாஸ்தாவிடம் சண்டை போடாதே, முப்பது வருஷக் கதை அவர் வயிற்றில் இருக்கிறது. ஒரு டீ வாங்கிக் கொடு. நடுகைக்கு இந்த வருஷம் என்ன கூலி, கொத்தனாருக்கு என்ன, சித்தாளுக்கு என்ன என்று கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதி வை, இப்போது எதற்கென்று தெரியாது. சாயங்காலம் சீனியர் காரில் ஏறிவிடாமல் வாரத்தில் இரண்டு நாளாவது பஸ்ஸில் வா. ராத்திரி ரெண்டு மணி வரை விழித்து எழுதுவதை நிறுத்து, அந்த இருமலுக்குப் பாதிக் காரணம் அதுதான். விடியற்காலையில் எழுந்து ஒரு பக்கம் எழுது, போதும். எழுதினதை உரக்க வாசி. ஆயிரம் வருஷத்துச் சோகம் மாதிரி ஏதாவது வந்தால் உன் வாயே காட்டிக்கொடுத்துவிடும்.

தகழி இறந்தது 1999 ஏப்ரல் 10, எண்பத்தேழு நிறைய ஒரு வாரம் இருந்தது. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடித்தார்.

‘தோட்டியின் மகன்’ ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என்னுடைய பிரதி, ஓரத்தில் பென்சில் குறிப்பு இருக்கும், அழிக்காதே. படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அடுத்த வாய்தாவுக்கு அந்தக் கிழவி வருவாள் அல்லவா, தேதியை டைரியில் குறித்து வைத்துக்கொள். அவளிடம் பேசிவிட்டுக் கதையை மறுபடி எழுதி அனுப்பு. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

பிரியமுள்ள,
மாமா